உண்ணாவிரதம்: சாப்பாடு இல்லாமல் 50, 60 நாள் உடல் எப்படித் தாங்குகிறது? ஜூஸ் கொடுத்து முடிப்பதில் என்ன ஆபத்து?

ஒருவர் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினால், டிவி திரையின் ஓரத்தில் ஒரு எண் ஓட ஆரம்பிக்கும். 10-வது நாள், 20-வது நாள், 30-வது நாள்...

பஞ்சாப் விவசாயிகள் தலைவர் ஜக்ஜித் சிங் தல்லேவால் விஷயத்திலும் அதுதான் நடந்தது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு, 2024 நவம்பர் 26 அன்று பஞ்சாப்-ஹரியானா எல்லையில் உள்ள கனௌரியில் அவர் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். வயது 70. ஏற்கெனவே புற்றுநோய் பாதிப்பு உள்ளவர். அவரது உடல்நிலை பற்றி உச்ச நீதிமன்றமே மாநில அரசிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டது. மத்திய அரசு பேச்சுவார்த்தைக்கு அழைத்த பிறகு, 2025 ஜனவரியில்தான் மருத்துவ உதவியை ஏற்றுக்கொண்டார். அப்போது 50 நாள் தாண்டியிருந்தது. உண்ணாவிரதத்தை அவர் முழுமையாக முடித்துக்கொண்டது ஏப்ரல் 6 அன்று.

இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வரும். "ரெண்டு வேளை சாப்பிடலைன்னாலே கை நடுங்குது. 50 நாள் எப்படி முடியும்? ராத்திரியில யாருக்கும் தெரியாம சாப்பிடுவாங்களோ?"

சந்தேகம் இயல்புதான். ஆனால் தண்ணீரும் உப்பும் மட்டும் எடுத்துக்கொண்டு அத்தனை நாள் உயிரோடு இருக்க மனித உடலால் முடியும். அதற்கு உடல் கொடுக்கும் விலைதான் பெரிது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பசித்திருந்த நாட்கள் அளவுக்கு, மறுபடி சாப்பிட ஆரம்பிக்கும் முதல் சில நாட்களும் உயிருக்கு ஆபத்தானவை. தலைவர்கள் சிரித்தபடி நீட்டும் அந்த ஒரு கிளாஸ் ஜூஸ் உட்பட.

உடலுக்குள் நாள்வாரியாக என்ன நடக்கிறது? பார்க்கலாம்.

முதல் நாள்: கல்லீரலில் இருக்கும் கையிருப்பு

உடலில் அதிகம் செலவு வைக்கும் உறுப்புகளில் ஒன்று மூளை. எடையில் வெறும் 2 சதவீதம். ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சாதாரண நாட்களில் அதற்கு எரிபொருள் குளுக்கோஸ். ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் தேவை.

ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 4, 5 கிராம்தான். அதாவது ஒரு டீஸ்பூன் சர்க்கரை. அது நீண்ட நேரத்துக்குப் போதாது. அதனால்தான் உடல், சாப்பிட்ட சர்க்கரையில் ஒரு பகுதியைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம்.

இங்கே ஒரு சிக்கல். தசையில் இருக்கும் கிளைகோஜனைத் தசை மட்டுமே பயன்படுத்த முடியும். அதைக் குளுக்கோஸாக்கி ரத்தத்துக்கு அனுப்பத் தேவையான நொதி தசையில் கிடையாது. ஆக, மூளைக்குக் கைகொடுப்பது கல்லீரலில் உள்ள அந்த 100 கிராம் மட்டும்தான். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும்.

தலைவலி, எரிச்சல், கை நடுக்கம் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வருபவை. ரெண்டு வேளை பட்டினி கிடந்தவர் உணர்வது இதைத்தான். அதையே 50 நாளுக்கும் நீட்டிக் கற்பனை செய்துகொள்வதால்தான், முடியவே முடியாது என்று தோன்றுகிறது. உண்மையில் உடல் அந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. எரிபொருளை மாற்றுகிறது.

2-வது, 3-வது நாள்: தசையில் கை வைக்கும் உடல்

கல்லீரல் காலி. ஆனால் மூளை குளுக்கோஸ் கேட்கிறது. ரத்தச் சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸைத் தவிர வேறு வழியே இல்லை.

உடம்பில்தான் கிலோ கணக்கில் கொழுப்பு இருக்கிறதே, அதைக் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். மாற்ற முடியாது. கொழுப்பு உடையும்போது வரும் கிளிசரால் என்ற சிறு பகுதி மட்டுமே குளுக்கோஸாகும். மீதமுள்ள கொழுப்பு அமிலங்களை இதயமும் தசையும் நன்றாக எரிக்கும். ஆனால் மூளையால் அவற்றை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

எனவே கல்லீரல், தசைப் புரதத்தை உடைத்து வரும் அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கிறது. இந்த ஆரம்ப நாட்களில் தினமும் சுமார் 75 கிராம் புரதம் கரைகிறது. தசையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், இது 350 கிராம் தசையை இழப்பதற்குச் சமம்.

இதே வேகத்தில் போனால் சில வாரங்களிலேயே மூச்சு விடும் தசைகள் கூட மிஞ்சாது. மனித இனம் பஞ்சங்களைக் கடந்து வந்ததற்குக் காரணம், அடுத்து நடக்கும் மாற்றம்.

ஒரு வாரத்துக்குப் பிறகு: மூளை ஏற்றுக்கொள்ளும் மாற்று எரிபொருள்

2, 3 நாட்களிலேயே கல்லீரல், கொழுப்பு அமிலங்களிலிருந்து கீட்டோன் என்ற பொருளைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. மூளைக்குள் இது நுழைய முடியும். நாளாக ஆக ரத்தத்தில் இதன் அளவு கூடிக்கொண்டே போய், மூன்றாவது வாரத்தையொட்டி உச்சத்தைத் தொடும். அப்போது மூளைக்குத் தேவையான ஆற்றலில் பாதிக்கும் மேல் கீட்டோனிலிருந்தே கிடைக்கிறது.

மூளை எப்போதும் குளுக்கோஸை மட்டுமே எரிக்கும் என்றுதான் 1960-கள் வரை நம்பப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் காஹில் தலைமையிலான மருத்துவர் குழு, பல வாரங்கள் பட்டினி இருந்தவர்களை மருத்துவமனையில் வைத்து ஆராய்ந்து, 1967-ல் இந்த எண்ணத்தை மாற்றியது.

மூளை கீட்டோனுக்கு மாறியதும் குளுக்கோஸ் தேவை குறைகிறது. அதனால் தசை கரையும் வேகமும் குறைகிறது. தினமும் 75 கிராம் போய்க்கொண்டிருந்த புரதம், சில வாரங்களில் சுமார் 20 கிராமாக இறங்குகிறது. உண்ணாவிரதம் இருப்பவர் மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற வாடை வருவதும் இந்தக் கீட்டோன்களால்தான். மருத்துவர்கள் சிறுநீரிலும் ரத்தத்திலும் கீட்டோன் அளவைப் பார்ப்பதும் இதற்காகவே. ஒருவர் ரகசியமாகச் சோறோ ஜூஸோ எடுத்துக்கொண்டால் கீட்டோன் இறங்கிவிடும். ராத்திரியில சாப்பிடுறாரா என்ற சந்தேகத்துக்குப் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே பதில் கிடைத்துவிடும்.

இந்த நாட்களில் பலருக்குப் பசி உணர்வே மங்கிவிடுகிறது. உடல் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. நாடித்துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், வெயிலிலும் குளிரெடுக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும்.

60 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது?

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. சராசரி உடல்வாகு உள்ள ஒருவரிடம் எரிக்கக்கூடிய கொழுப்பு 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,08,000 கலோரி. பட்டினியில் சுருங்கிய உடல் ஒரு நாளைக்கு 1,500 முதல் 1,800 கலோரி செலவழிக்கிறது என்றால், 60 முதல் 72 நாள் வரும்.

வரலாறும் ஏறத்தாழ இதையே சொல்கிறது.

- 1929-ல் லாகூர் சிறையில் ஜதின் தாஸ்: 63 நாள்.

- 1952-ல் தனி ஆந்திர மாநிலம் கேட்டு, சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு: 58 நாள்.

- 1956-ல் தமிழ்நாடு என்ற பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார்: 70 நாளுக்கும் மேல்.

- 1981-ல் வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்த 10 பேர்: குறைந்தது 46 நாள், அதிகபட்சம் 73 நாள். அவர்களில் முதலில் இறந்த பாபி சாண்ட்ஸ் 66-வது நாளில் உயிரிழந்தார்.

இவர்கள் யாருமே உயிரோடு எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 60 நாள் என்பது தாங்கும் அளவு அல்ல, உயிர் போகும் அளவு. மெலிந்த உடல்வாகு உள்ளவருக்கும், வயதானவருக்கும், ஏற்கெனவே நோய் உள்ளவருக்கும் இந்தக் கெடு இன்னும் சுருங்கும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு விதிவிலக்கும் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியரி, 1965-66-ல் 382 நாட்கள் உணவின்றி இருந்து உயிர் பிழைத்தார். தொடங்கும்போது அவரது எடை 207 கிலோ. மருத்துவர்களின் கண்காணிப்பில் வைட்டமின்களும் தாது உப்புகளும் கொடுக்கப்பட்டன. எரிக்கக் கொழுப்பு இருந்ததால் அவர் தாங்கினார். இதைப் பார்த்து வீட்டில் யாரும் முயற்சி செய்துவிடக் கூடாது. மருத்துவக் கண்காணிப்பில் நீண்ட பட்டினி இருந்த சிலர் இறந்தும் இருக்கிறார்கள்.

தண்ணீரையும் நிறுத்தினால்?

கணக்கு மொத்தமும் மாறிவிடும். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் தண்ணீர் இல்லாத உடலுக்குக் கெடு வாரக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில்தான். 1987 செப்டம்பரில் யாழ்ப்பாணம் நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்த திலீபன், 12-வது நாளில் உயிரிழந்தார். அவருக்கு வயது 23.

கொழுப்பும் தசையும் கையிருப்பில் இருக்கும்போதே, நீரிழப்பால் ரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகம் செயலிழக்கும். உண்ணாவிரதம் இருப்பவர்களிடம் மருத்துவர்கள், தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவது இதற்காகத்தான்.

3 வாரம் தாண்டினால் கண் ஏன் பாதிக்கப்படுகிறது?

கலோரிக்குக் கொழுப்பு இருக்கலாம். வைட்டமினுக்கு அப்படிப் பெரிய கையிருப்பு இல்லை. குறிப்பாக பி1 எனப்படும் தயமின். உடலில் இதன் இருப்பு 2 முதல் 3 வாரத்துக்குத்தான் வரும்.

இது தீர்ந்தால் மூளையின் சில பகுதிகள் நேரடியாகப் பாதிக்கப்படும். பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும். கருவிழி கட்டுப்பாடில்லாமல் அசையும். நடை தள்ளாடும். பேச்சில் குழப்பம் வரும். கவனிக்காமல் விட்டால், உயிர் பிழைத்தாலும் நினைவாற்றல் இழப்பு நிரந்தரமாகிவிடலாம்.

உண்ணாவிரதத்தின் நோக்கத்தைக் கைவிடாமலேயே பி1 மாத்திரை எடுத்துக்கொள்ளலாம், அதில் கலோரி எதுவும் இல்லை என்பதை மருத்துவர்கள் எடுத்துச் சொல்வது வழக்கம்.

40 நாளைத் தாண்டினால்?

கொழுப்பு குறையக் குறைய, உடல் மறுபடியும் புரதத்தின் பக்கம் திரும்புகிறது. விறகு தீர்ந்ததும் வீட்டின் உத்தரத்தையே உருவி அடுப்பில் வைப்பது போன்ற நிலை இது. கை, கால் தசை மட்டும் கரைவதில்லை. இதயமும் ஒரு தசைதான். அதுவும் சுருங்குகிறது. மூச்சு விட உதவும் தசைகள் பலவீனமாகின்றன. நோய் எதிர்ப்புச் சக்தி விழுந்து, சாதாரணச் சளி கூட நிமோனியாவாக மாறுகிறது. படுக்கைப் புண் ஆறாது.

எடையில் சுமார் 40 சதவீதத்தை இழந்துவிட்டால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. பலருக்கு அதற்கு முன்பே இதயத் துடிப்பு தாறுமாறாகி முடிவு வந்துவிடுகிறது. உடலில் கொழுப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே இது நடக்கலாம். ஆக, உடம்பு இன்னும் நல்லாத்தானே தெரியுது என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்வது ஏமாற்றும்.

அந்த ஒரு கிளாஸ் ஜூஸில் என்ன ஆபத்து?

கோரிக்கை ஏற்கப்படுகிறது. கேமராக்கள் சூழ, ஒருவர் ஆரஞ்சு ஜூஸோ இளநீரோ கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்து வைக்கிறார். இந்தியாவில் பழக்கமான காட்சி. ஒரு நாள், இரண்டு நாள் உண்ணாவிரதம் என்றால் இதில் பெரிய பிரச்சனை இல்லை. பல வாரம் பட்டினி கிடந்தவருக்கு நிலைமை வேறு.

வாரக்கணக்கில் உடல் கொழுப்பில் ஓடிக்கொண்டிருந்தது. இன்சுலின் மிகக் குறைந்த அளவில் இருந்தது. திடீரென்று சர்க்கரை உள்ளே வந்ததும் இன்சுலின் குபுக்கென்று ஏறும். செல்கள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்போது கூடவே பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றையும் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். பட்டினியில் இவற்றின் கையிருப்பு ஏற்கெனவே தரைதட்டியிருக்கும். ரத்தத்தில் இவை சட்டென்று விழுந்தால் இதயத் துடிப்பு தவறும். மூச்சு விடும் தசை ஓய்ந்துபோகும். மிச்சமிருந்த பி1 வைட்டமினும் சர்க்கரையை எரிப்பதில் செலவாகிவிடும்.

மருத்துவத்தில் இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். சாப்பிட ஆரம்பித்த முதல் சில நாட்களில்தான் இது தாக்கும்.

இதைத் தவிர்க்க, சர்க்கரை எதுவும் கொடுக்கும் முன்பே பி1 கொடுக்க வேண்டும். ரத்தத்தில் தாது உப்புகளை அடிக்கடி பரிசோதித்து, குறைந்தால் ஈடுசெய்ய வேண்டும். உணவை மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். 15 நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 5 கலோரி என்ற அளவில் ஆரம்பிக்கச் சொல்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். 50 கிலோ எடை உள்ளவர் என்றால் ஒரு நாள் முழுக்க 250 கலோரி. மிகச் சிறிய ஆரம்பம் இது. பிறகு நாளுக்கு நாள் மெதுவாகக் கூட்ட வேண்டும்.

1945-ல் கிடைத்த பாடம்

1945 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதை முகாமை பிரிட்டிஷ் ராணுவம் விடுவித்தது. உள்ளே எலும்பும் தோலுமாக ஆயிரக்கணக்கானோர். விடுதலைக்குப் பிறகும் 13,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டைஃபஸ் காய்ச்சலும், கடைசிக் கட்டத்தை எட்டிவிட்ட பட்டினியும் முக்கியக் காரணங்கள். ஆனால் வீரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த ராணுவ ரேஷன் உணவும் பலருக்கு எமனானது. கொழுப்பு மிகுந்த அந்த உணவை அவர்கள் உடல் தாங்கவில்லை.

அங்கே பிறகு பயன்படுத்திப் பார்க்கப்பட்ட ஒரு கலவைக்கு இந்தியாவோடு தொடர்பு உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்படுத்தப்பட்ட, பால் பவுடரும் மாவும் சர்க்கரையும் கலந்த கூழ் அது. ஐரோப்பியர்கள் பலருக்கு அதன் இனிப்பு பிடிக்கவில்லை, குடிக்க மறுத்தார்கள்.

பஞ்சத்தில் சிக்கியவர்களுக்கும் இதே விதிதானா?

உடலின் வேதியியல் ஒன்றுதான். சூழல்தான் வேறு. உண்ணாவிரதம் இருப்பவர் தானே முடிவெடுத்தவர். சுத்தமான தண்ணீரும், பக்கத்தில் மருத்துவரும் அவருக்கு உண்டு. பஞ்சத்தில் இவை எதுவும் இல்லை.

2025 ஆகஸ்ட் 22 அன்று காசா நகரை உள்ளடக்கிய பகுதியில் பஞ்சம் நிலவுவதாக, ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் ஐபிசி அமைப்பு உறுதி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு சூடானின் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. இத்தகைய இடங்களில் மக்கள் ஒரே நாளில் சாப்பாட்டை நிறுத்துவதில்லை. மூன்று வேளை இரண்டாகி, ஒன்றாகி, மாதக்கணக்கில் அரைவயிறாக இழுத்துக்கொண்டு போகிறது.

குழந்தைகள்தான் முதலில் விழுகிறார்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு ஆற்றல் தேவை அதிகம், கொழுப்பும் தசையும் குறைவு. அசுத்தமான தண்ணீரால் ஒரு வயிற்றுப்போக்கு வந்தாலே போதும். பட்டினி கிடந்த உடலால் அதைத் தாங்க முடிவதில்லை.

"லாரியில சாப்பாடு போயிடுச்சுன்னா எல்லாம் சரியாகிடுமே" என்று நினைக்கத் தோன்றும். கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு, நோய்த்தொற்றோ வீக்கமோ சேர்ந்துகொண்ட குழந்தைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட முடியாது. முதலில் எஃப்-75 என்ற நீர்த்த பால் உணவு, 100 மில்லிக்கு 75 கலோரி மட்டுமே உள்ளது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப்படும். உடல் நிலைப்பட்ட பிறகே வேர்க்கடலையில் செய்த சத்து மிகுந்த பசை உணவு. அதற்குச் செவிலியர் வேண்டும், படுக்கை வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும். மருத்துவமனைகள் இயங்காத இடத்தில் உணவு மட்டும் வந்து சேர்ந்தால் பாதி உதவிதான்.

வலுக்கட்டாயமாக உணவு செலுத்தலாமா?

தெளிந்த மனநிலையில் இருக்கும் ஒருவர் உணவை மறுத்தால், அவருக்கு மருத்துவர்கள் பலவந்தமாக உணவு செலுத்தக் கூடாது என்கிறது உலக மருத்துவர் சங்கத்தின் 1991 மால்டா பிரகடனம். நடைமுறையில் அரசுகள் எப்போதும் அப்படி நடந்துகொள்வதில்லை.

மணிப்பூரின் இரோம் ஷர்மிளா 2000 நவம்பர் முதல் 2016 ஆகஸ்ட் வரை ஏறக்குறைய 16 ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்தார். அது எப்படிச் சாத்தியம் என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. காவலில் வைக்கப்பட்டு, மூக்கு வழியாகச் செருகப்பட்ட குழாய் மூலம் அவருக்குத் திரவ உணவு செலுத்தப்பட்டது. வாயால் எதையும் உண்ண அவர் மறுத்தார். 2016 ஆகஸ்ட் 9 அன்று தேன் சுவைத்து அதை முடித்துக்கொண்டார்.

கவனிக்க வேண்டியது என்ன?

திரையில் ஓடும் நாள் கணக்கு, ஒருவரின் உறுதியைச் சொல்லலாம். உடல்நிலையைச் சொல்லாது. 25-வது நாளில் இருக்கும் மெலிந்த முதியவர், 40-வது நாளில் இருக்கும் இளைஞரைவிட ஆபத்தான நிலையில் இருக்கலாம். தண்ணீர் குடிக்கிறாரா, உப்பு எடுத்துக்கொள்கிறாரா, பி1 எடுத்துக்கொள்கிறாரா, தொடங்கியபோது இருந்த எடையில் எவ்வளவு குறைந்திருக்கிறது? கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

வீட்டிலும் இதே கவனம் தேவை. நோயாலோ மனச்சோர்வாலோ ஒருவர் ஒரு வாரத்துக்கும் மேல் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால், "வயிறு நிறைய சாப்பிடு" என்று முதல் நாளே தட்டு நிறையப் போட்டுக் கொடுக்கக் கூடாது. நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர்களும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் இன்னும் சீக்கிரமே இந்த ஆபத்துக்கு உள்ளாவார்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அவர் சொல்லும் அளவில் ஆரம்பிப்பதே பாதுகாப்பு.

உண்ணாவிரதம் முடிந்ததும் ஜூஸ் கிளாஸோடு கேமரா நகர்ந்துவிடும். மருத்துவர்களுக்கு அதற்குப் பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் வேலை இருக்கிறது.